இன்ஸ்பெக்டர் வீட்டுக்குக் கொண்டுபோன ரிவால்வர்

போன மாதம் இரண்டு இளம் சப்-இன்ஸ்பெக்டர்கள் என்னைத் தேடிக்கொண்டு ரங்கூன் மிங்கலா தாங்ஞுன்டில் நான் குடியிருக்கும் அறைக்கு வந்தார்கள். ஒருவர் பர்மியர். மற்றவருக்குத் தகப்பனார் தமிழர், தாயார் பர்மியர். அந்தக் காலத்தில் நான் ஸ்டேஷனில் ஆயுத அறை ஏட்டாக இருந்தவன் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என் அறையில் இருப்பது ஒரே நாற்காலி. ஒருவர் உட்கார்ந்தால் மற்றவருக்கு மரியாதைக் குறைவு என்று இரண்டு பேருமே நின்றுகொண்டு பேசினார்கள்.

"ஊலே, டூட்டி முடிஞ்சா துப்பாக்கிய ஒப்படைச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போகணும்னு பழைய ரூலு ஒண்ணு இருக்கு. இப்ப ஊரு கெட்டுக் கெடக்கு. வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கன்னு மேல கேக்கப் போறோம். உங்கள மாதிரிப் பழைய ஆளு ஒரு வார்த்தை சொன்னா நல்லாருக்கும்" என்றார் தமிழ் தெரிந்தவர்.

பர்மியப் பேச்சில் ஊலே என்றால் மாமா. என்னை மாமா என்று கூப்பிட்டு ஒருவர் இந்தப் படியேறி வந்து வெகு காலமாகிவிட்டது. அந்த ஒரு சொல்லுக்காகவே கீழே இறங்கிப் போய் டீ வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் அவர்கள் கேட்ட வார்த்தையைக் கொடுக்கவில்லை. அந்த விதி இறுகியது ஒரு வழக்கினால். அந்த வழக்கில் சாட்சி சொன்னவன் நான். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற சமாசாரமா அது? அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் போலீசில் சேர்ந்தது பெரிய கதை இல்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எனக்கு முதுகு நிமிர்ந்திருக்கிற வேலை வேண்டும் என்று ஆசைப்பட்டார். நானும் உயரமாக வளர்ந்து தொலைத்திருந்தேன். பயிற்சிப் பள்ளியில் சலாம் போடவும், கால் தூக்கி நடக்கவும், வசவு வாங்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். முதல் இரண்டும் மறந்துவிட்டன. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் தொடக்கத்தில், சீனர்கள் நிறைந்த லத்தா பக்கம் ஒரு ஸ்டேஷனுக்கு வந்து சேர்ந்தேன். எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள்.

எங்கள் இன்ஸ்பெக்டர் ரத்தினசாமி. அந்த நாளில் சார்ஜென்டுகள் எல்லாம் சட்டைக்காரர்கள், அதாவது ஆங்கிலோ இந்தியர்கள், மேலே வெள்ளைக்காரத் துரைமார். நம்மவர்கள் கான்ஸ்டபிளாகச் சேர்ந்து கான்ஸ்டபிளாகவே ஓய்வு பெறுவதுதான் வழக்கம். அந்த வழக்கத்தை உடைத்து மேலே போனவர் அவர். கோவில் திருவிழாவுக்கு அவர் வந்தால் தர்மகர்த்தாக்களே எழுந்து நிற்பார்கள். சீனக் கடைத்தெருவில் நடந்தால் சூதாட்டக் கதவுகள் தாமாகச் சாத்திக்கொள்ளும். பர்மியப் பாஷையைப் பர்மியர் மாதிரியே பேசுவார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கைதியைக்கூட 'வாங்க, உக்காருங்க' என்பார். அந்த 'வாங்க'வைக் கேட்டதும் சிலருக்கு வியர்த்துவிடும். தப்புச் செய்த கான்ஸ்டபிளைத் திட்ட மாட்டார். மேசையில் இருக்கும் கைக்குட்டையை எடுத்து நாலாக மடிப்பார், பிரிப்பார், மறுபடி மடிப்பார். நாம் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அதற்கு நாலு அறை வாங்கிவிட்டுப் போகலாம். என்னிடம் என்ன கண்டாரோ, கான்ஸ்டபிளாக இருந்த என்னை ஏட்டாக்கி ஆயுத அறைச் சாவியைக் கொடுத்தார். என் மைத்துனனுக்கு ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை கிடைத்ததும் அவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான். எங்கள் வீட்டில் உலை கொதித்ததில் அவர் பங்கு உண்டு, மறைக்கவில்லை.

ஆயுத அறை நடைமுறையை இளையவர்களுக்காகச் சொல்கிறேன். ரிவால்வர் ஒவ்வொன்றுக்கும் சுவரில் ஓர் ஆணி. அதிகாரி ஒவ்வொருவருக்கும் பேர் பொறித்த பித்தளை வில்லை ஒன்று. வில்லையைக் கொடுத்தால் ரிவால்வர் கிடைக்கும். ரிவால்வர் இருந்த ஆணியில் அந்த வில்லை தொங்கும். உள்ளே நுழைந்து பார்த்தவுடன் எந்த ஆயுதம் யார் இடுப்பில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். திருப்பிக் கொடுக்கும்போது மணல் நிரப்பிய வாளிக்குள் குழலை நீட்டியபடிதான் திறக்க வேண்டும். தோட்டாக்களைக் கொட்டி, ரிவால்வரின் அறைகள் காலியாக இருப்பதை எனக்குக் காட்ட வேண்டும். நான் விரல் விட்டுப் பார்ப்பேன். கண்ணால் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு, கண் நம்ப ஆசைப்படும், விரல் ஆசைப்படாது என்று சொல்வேன். இன்ஸ்பெக்டர் ஒருவர்தான் நான் கேட்பதற்கு முன்பே வாளி முன்னால் போய் நிற்பவர்.

வேலை முடிந்தால் ஆயுதம் ஆணிக்குத் திரும்ப வேண்டும் என்பது அப்போதும் விதிதான். ஆனால் உயிருக்கு மிரட்டல் இருந்தால் துரையிடம் அனுமதி வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இன்ஸ்பெக்டருக்கு அந்த அனுமதி வந்தது. லத்தாவில் ஓர் அபினிக் கூட்டத்தை அவர் பிடித்து உள்ளே தள்ளிய சில நாள் கழித்து, அவர் லஞ்சாவிலிருந்து, அதாவது ஆள் இழுக்கும் வண்டியிலிருந்து, இறங்கி வீட்டு வாசலில் கால் வைத்த நேரம், பின்னாலிருந்து யாரோ வெட்டுக்கத்தியால் வண்டிக் கூரையைக் கிழித்துவிட்டு ஓடினார்கள். அவர் இன்னும் உட்கார்ந்திருந்தால் கழுத்து இருந்திருக்காது. அதிலிருந்து அவர் வில்லை மட்டும் இரவும் பகலும் ஆணியிலேயே தொங்கியது.

அவர் பயந்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன். ஆனால் அந்த இரும்பு இடுப்பில் ஏறிய பிறகு மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக ஊரைவிட்டு விலகிப்போனார். நாவிதர் கையில் கத்தியைக் கண்டு கடைக்குப் போவதை நிறுத்தினார். டீக்கடையில் சுவரை ஒட்டின இடம் இல்லையென்றால் திரும்பிவிடுவார். பங்குனி உத்திரத்தன்று நடந்ததுதான் என் மனதில் நிற்கிறது. நம் கோவிலில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தோல் பொருள் கூடாது. அவர் இடுப்பிலோ தோல் உறை. நான் அருகில் போய்ச் சொன்னேன்.

"எங்கிட்ட குடுத்துட்டுப் போங்கய்யா. நான் வெளிய நிக்கிறேன்."

"வேண்டாம் சுப்பையா. நீ போய்ச் சாமி கும்பிடு."

அவர் மனைவி மட்டும் தேங்காய்த் தட்டோடு உள்ளே போனார். ஐயா எதிர்ப்புறம் ஒரு மூடின கடையின் கதவில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்று, தெருவின் குறுக்கே கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். நான் விபூதி கொண்டுவந்து கொடுத்தேன். பூசிக்கொண்டு சொன்னார்: "இது இருந்தா பயம் போயிரும்னு சொன்னாங்க. எனக்கு முதுகு பூராக் கண்ணு வேணும்போல இருக்கு." அவர் கீழ் வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் அவர் தன்னைப் பற்றி என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை அது.

அடுத்து வந்தது திங்யான். பர்மியர்களின் புது வருஷத் தண்ணீர்த் திருவிழா. அந்த நாட்களில் யார் மேல் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம். நனைந்தவன் கோபப்படக் கூடாது. விடலைகள் வாளியால் அடிப்பார்கள். மதிக்கத்தக்கவருக்கு மட்டும் வேறு முறை. கிண்ணத்தில் வாசனைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு மெல்லப் பின்னால் வந்து, அனுமதி கேட்டு, சட்டைக் காலரை இரண்டு விரலால் விலக்கிப் பிடரியில் ஊற்றுவார்கள். நம் ஊரில் மாலை போடுகிற மாதிரி அது.

ஆயுத அறையில் அந்த நாட்களுக்கென்று ஒரு பழக்கம் இருந்தது. வேலையில் இருப்பவர், இல்லாதவர் எல்லோரும் திருவிழாவுக்கு முன்பே ரிவால்வரைக் கொடுத்துவிடுவார்கள். தோட்டா நனையும் என்பது சாக்கு. கூட்டத்தில் குடித்தவன் எவனாவது உருவிவிடுவான் என்பதுதான் காரணம். அந்த வருஷம் திங்யான் தொடங்கிய அன்று எல்லா ஆணியிலும் ரிவால்வர், ஒரே ஆணியில் வில்லை. பட்டப்பகல், வெயில் கொளுத்துகிறது. இன்ஸ்பெக்டர் வேலை இல்லாத நாளானாலும் வேட்டி சட்டையோடு ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். அவர் கிளம்பும்போது நானும் கூடவே நடந்தேன்.

"மூணு நாளைக்கு மட்டும் குடுத்துருங்கய்யா. அதுவரைக்கும் ரெண்டு கான்ஸ்டபிள உங்க வீட்டு வாசல்ல நிறுத்திருவோம்."

"தொரை அனுமதி இருக்குல்ல சுப்பையா?"

"இருக்குங்கய்யா."

"அப்பறம் என்ன?"

முக்கு திரும்பினால் ஊ பா யீயின் வெற்றிலைக் கடை. ஊ பா யீ வயசானவர். வாயில் பல் பாதி, சிரிப்பு முழுசு. அவர் மனைவி டோ மியா கூட இருந்து பாக்கு வெட்டிக் கொடுப்பாள். கடைத்தெருத் தமிழ் இரண்டு பேருக்கும் தெரியும். இன்ஸ்பெக்டர் தினமும் அங்கேதான் வெற்றிலை போடுவார். அன்று கடை எதிரில் மூங்கில் மேடை போட்டு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். இளவட்டங்கள் எல்லோரையும் நனைத்தார்கள், இன்ஸ்பெக்டரை மட்டும் தொடவில்லை. அவர் நின்று மேடையைப் பார்த்தார். முகத்தில் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. வெகு நாளைக்குப் பிறகு அவர் சுவரை ஒட்டாமல் நின்றது அப்போதுதான்.

ஊ பா யீ வெள்ளிக் கிண்ணத்தோடு கடையிலிருந்து இறங்கி வந்ததை நான் பார்த்தேன். கிண்ணத்துத் தண்ணீரில் ஓர் இலைக்கொத்து மிதந்தது. அவர் உதடு அசைந்தது, அனுமதி கேட்கிறார். மேளச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, ஐயாவுக்கு ஒருவராவது மரியாதை செய்கிறாரே என்று. கிழவரின் விரல் காலரைத் தொட்டது.

இன்ஸ்பெக்டர் திரும்பியதும் வெடித்ததும் ஒன்றாக நடந்தன. உறையிலிருந்து எப்போது எடுத்தார் என்று நான் பார்க்கவில்லை. கிண்ணம் தெருவில் உருண்டது. மேளக்காரர்கள் பட்டாசு என்று நினைத்து இன்னும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஊ பா யீ தெருவில் உட்கார்ந்தார், பிறகு சாய்ந்தார். இன்ஸ்பெக்டர் முழங்காலிட்டு, மடிப்பு மடிப்பாக வைத்திருந்த கைக்குட்டையைக் கிழவரின் வயிற்றில் அழுத்தினார். கிழவர் அவர் முகத்தைப் பார்த்து, "கெய்ஸ மஷிபூ" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். இடித்துவிட்டால், காலை மிதித்துவிட்டால் பர்மியர்கள் சொல்கிற வார்த்தை. பொழுது சாய்வதற்குள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அன்று சாயந்திரம் இன்ஸ்பெக்டர் ஆயுத அறைக்கு வந்தார். வேட்டியில் ரத்தம் காய்ந்திருந்தது. மணல் வாளி முன்னால் போய் நின்றார், திறந்தார், கொட்டினார், காலி அறைகளைக் காட்டினார். நான் விரல் விட்டுப் பார்த்தேன். வெடித்த தோட்டாவின் காலிக் கூடு மற்றத் தோட்டாக்களோடு மேசையில் கிடந்தது. வில்லையை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிக்கொள்ளாமல் நின்றார்.

"சுப்பையா, அவர் கையில என்ன இருந்துச்சு?"

"கிண்ணம்ங்கய்யா."

"இடுப்புல?"

ஊ பா யீ லுங்கி மடிப்பில் எப்போதும் போலப் பாக்குவெட்டியைச் செருகியிருந்தார். ஆஸ்பத்திரியில் அதை எடுத்துத் தனியாக வைத்ததை நாங்கள் இருவருமே பார்த்தோம்.

"பாக்குவெட்டிங்கய்யா."

"அது கையில இருந்துச்சுன்னு வச்சுக்கலாமா?"

உத்தரவு போட்டே பழகிய குரல் முதல் தடவையாக ஒன்றைக் கேட்டு வாங்கப் பார்த்தது. நான் வில்லையை நீட்டியபடியே இருந்தேன். அவர் கைக்குட்டையைத் தேடிச் சட்டைப் பையைத் தொட்டார். அது இல்லை. வில்லையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

விசாரணைக்கு முன்னால் என் வீட்டுக்கு வராதவர்கள் இல்லை. கோவில் தர்மகர்த்தா வந்தார், சங்கத்துப் பெரியவர் வந்தார், என் மைத்துனன் தினமும் வந்தான். யாரும் மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் எனக்குச் சுலபமாகப் போயிருக்கும்.

"அத்தான், செத்தவரு திரும்பி வரப் போறதில்ல. இடுப்புக்கும் கைக்கும் ஒரு சாண் தூரம். நம்மள்ல மேல வந்தது ஒருத்தருதான். அவரையும் நாமளே தள்ளி விட்டுட்டா நாளைக்கு எவன் நம்மள மதிப்பான்? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கணும், அத்தான்."

என் மனைவி காமாட்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அவன் சொல்றது நெசந்தானே?" என்றாள். நெசம்தான். அதுதான் என்னைத் தின்றது. அந்த ஒரு சாண் தூரத்தில் ஒரு பக்கம் ஐயாவின் மானம், என் வீட்டுச் சோறு, என் ஜனம் எல்லாம் இருந்தன. மறுபக்கம் டோ மியா மட்டும் இருந்தாள். கிழவன் கத்தியோடு வந்தான் என்று எழுதிவிட்டால், அவள் கொலைகாரன் பெண்டாட்டியாகி அந்தத் தெருவில் எப்படி வெற்றிலை விற்பாள்? எனக்குத் தூக்கம் போயிற்று. சாமியிடம் கேட்டேன். சாமி என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது.

விசாரணையில் துரை கேட்டார். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். எதிரில் ஐயா சீருடையில், பெல்ட் இல்லாமல்.

"இறந்தவர் கையில் நீ பார்த்தது என்ன?"

"வெள்ளிக் கிண்ணம்."

"வேறு?"

"தண்ணி. ஒரு இலைக்கொத்து."

"பாக்குவெட்டி?"

"இடுப்புல. மடிப்புக்குள்ள."

ஐயா என்னைப் பார்க்கவில்லை. சாட்சி முடிந்து நான் சலாம் வைத்தபோது மட்டும் இலேசாகத் தலையை அசைத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவரை ஜெயிலில் போடவில்லை, வேலையைப் பறித்தார்கள். குடும்பத்தோடு ஊருக்குக் கப்பல் ஏறினார். வழியனுப்பக் கூட்டமாகப் போனார்கள். நான் துறைமுகத்தின் வெளிக் கேட்டோடு நின்றுவிட்டேன். மிரட்டல் இருந்தாலும் சரி, துரையே ஆனாலும் சரி, வேலை முடிந்தால் ஆயுதம் ஆணிக்கு வந்தாக வேண்டும் என்று எங்கள் ஸ்டேஷனில் உத்தரவு வந்தது அதன் பிறகுதான்.

எனக்கு யாரும் தண்டனை கொடுக்கவில்லை. பேச்சை மட்டும் நிறுத்தினார்கள். ஆயுத அறை ஜன்னலில் வில்லை வரும், கை வரும், முகம் வராது. அந்த வருஷம் என் மகளுக்குக் காது குத்து வைத்தோம். தெரு முழுக்கச் சொன்னோம். சமையல்காரர் வைத்து இலை போட்டுக் காத்திருந்தோம். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? மைத்துனன் வரவில்லை. ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு, "நேரம் போகுதுங்க" என்றார். கடைசியில் நானே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். காமாட்சி முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். சாப்பிட்டது ஆசாரி, சமையல்காரர், என் கீழ் வேலை பார்த்த பர்மியக் கான்ஸ்டபிள் இரண்டு பேர். வெறும் இலைகளை நானே மடித்து எடுத்தேன். காமாட்சி இப்போது இல்லை. மகள் மோல்மேனில் இருக்கிறாள். என்னைத் திட்டி அவர்கள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

இளைய அதிகாரிகளே, நீங்கள் கேட்பதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த உத்தரவுக்குப் பிறகு பக்கத்து லான்மடாவில் எங்கள் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வெட்டிப் போட்டார்கள். அவர் ரிவால்வர் அப்போது என் ஆணியில் பத்திரமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அது அவர் இடுப்பில் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்னவோ. அவர் மனைவி ஆயுத அறைக்கே வந்து என்னைப் பார்த்து அதையே கேட்டாள். எந்தப் பக்கம் எத்தனை உயிர் என்று கணக்குப் போட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததைச் சொல்லி முடிக்கிறேன்.

வழக்கு முடிந்த அடுத்த திங்யானில் நான் வேட்டியும் மெல்லிய சட்டையும் போட்டுக்கொண்டு அந்தத் தெருவுக்குப் போனேன். ஆயுத அறையில் ஓர் ஆணியில்கூட வில்லை இல்லை என்று பார்த்துப் பூட்டிவிட்டுத்தான் போனேன். மேடையில் மேளம் அடித்தது. வாளியோடு நின்ற பெண்கள் என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள். ஒரு சின்னப் பெண் குவளையை ஓங்கினாள். அவள் தாய் கையைப் பிடித்து இறக்கினாள். எல்லார் கண்ணும் என் இடுப்புக்குப் போய்த் திரும்பியது.

டோ மியா கடையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். எனக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்தாள். நான் வாங்கிக்கொண்டு போகாமல் நின்றேன்.

"என்ன ஏட்டு?"

"எம் மேல கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா."

திங்யானில் யாரும் கேட்டு வாங்கி நனைவதில்லை. அவள் என்னையே பார்த்தாள்.

"இடுப்புல இருக்கா?"

"இல்லம்மா." சட்டையைத் தூக்கிக் காட்டினேன். "எல்லாம் உள்ள இருக்கு. ஒண்ணுகூட வெளிய இல்ல."

அவள் குவளையில் தண்ணீர் மொண்டுகொண்டு இறங்கி என் பின்னால் வந்தாள். நான் தலையைக் குனிந்து கொடுத்தேன். அவள் விரல் என் காலரைத் தொட்டது. காத்திருந்தேன். அவள் மூச்சு விடுவது கேட்டது. பிறகு அந்த விரல் எடுபட்டது.

"நீ நெசஞ் சொன்ன ஆளு. எனக்குத் தெரியும். ஆனா கை வரமாட்டேங்குது, ஏட்டு" என்றாள்.

குவளைத் தண்ணீரைக் கடை வாசலில் மெல்லச் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். பரவாயில்லம்மா என்று சொல்லிவிட்டு நடந்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர் பறந்துகொண்டிருந்தது. நான் போன இடத்தில் எல்லாம் நின்றது, நான் கடந்ததும் மறுபடி பறந்தது. அன்றைக்கு ரங்கூனில் நனையாமல் வீடு திரும்பியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.